ஒரு முன்சீப் பரிந்துரைத்த மூன்று நூல்கள்



பள்ளி விடுமுறை தொடங்கியது முதல் டாக்டர் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலை மீண்டும் படித்து வருகிறேன். 1940 தொடங்கி 1942 வரை ‘ஆனந்த விகடன்’ இதழில் வாரந்தோறும் வெளிவந்து, 122 அத்தியாயங்களோடு நின்றுபோன தன்வரலாறு அது. 1950இல் நூல் வடிவம் பெற்றது. பருத்த நூல்தான். ஆயினும் கதை கேட்பது போல் ஓடும் நடை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு அத்தியாயங்களைக் களைப்பின்றிப் படிக்கலாம். ஆசிரியர் அறையில் யார் என்னிடம் “இப்பொழுது என்ன படிக்கிறீர்கள்?” என்று கேட்டாலும் இந்நூலின் பெயரையே சொல்லி வருகிறேன். அதன் நடுப்பகுதியில் வரும் ஒரு சந்திப்பைப் பற்றி மட்டும் இங்கே சற்று விரிவாக எழுத எண்ணம். தமிழ் நூல் வரலாற்றில், ஒருவர் மற்றொருவருக்கு ‘இதைப் படியுங்கள்’ என்று சொன்னதால் விளைந்த பயன்களுள் இதனினும் பெரியதொன்றை நான் அறியேன்.

நம் மாணவர்களுக்கு உ.வே.சா. என்றால் ‘தமிழ்த் தாத்தா’. தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்து, மூக்குக் கண்ணாடியோடு சுவடி பார்க்கும் முதியவர். பாடநூற்படம் அப்படித்தான் பதிந்திருக்கிறது. ஆனால் நான் சொல்லவிருக்கும் நிகழ்ச்சி நடந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. 1855ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிறந்தவர். 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தவர். அந்தப் பணியும் ஒருவரது பரிந்துரையால் கிடைத்ததே. அவருக்கு முன் அங்குத் தமிழ் கற்பித்த தியாகராச செட்டியார், தாம் ஓய்வு பெறுங்கால் தம் இடத்திற்கு இவரே தக்கவர் என்று எடுத்துச் சொல்லி அமர்த்திவிட்டுப் போனார். செட்டியாரும் ஐயரும் ஒரே ஆசானின் மாணாக்கர்கள். அந்த ஆசான் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டவர் என்பதைவிட உயர்ந்த தகுதி அந்நாளில் தமிழ் படித்தவருக்கு இருக்கவில்லை. ஐயர் அவரிடம் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், தலபுராணங்கள் என்று எண்ணற்ற நூல்களைக் கேட்டிருந்தார். பெரிய புராணமும் கம்பராமாயணமும் அவற்றுள் அடங்கும். எனவே புதிய தமிழாசிரியருக்குத் தம் படிப்பின்மீது நல்ல நம்பிக்கை இருந்தது. அதில் தவறும் இல்லை.

அவ்வாண்டு சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் அரியலூரிலிருந்து கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்தார். முன்சீப் என்பது உரிமை வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி பதவி. அவரைச் சென்று காணுமாறு ஐயரிடம் சொன்னவர் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை அன்று அவர்கள் சந்தித்தார்கள். இந்த நாளை ஐயர் அறுபது ஆண்டுகள் மறக்கவில்லை. தம் வாழ்க்கையில் ஒரு புதுத் துறை திறந்த நாள் என்றே அதனைக் கருதினார்.

முதலியார் அதிகம் பேசவில்லை. யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டார். மகாவித்துவானின் பெயரைச் சொன்னால் எதிரிலிருப்பவர் முகம் மலரும் என்று ஐயர் எதிர்பார்த்தார், மலரவில்லை. என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. ஐயர் அந்தாதிகளின் பட்டியலைத் தொடங்கினார். அதை முடித்துப் பிள்ளைத்தமிழ், கோவை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். முதலியார் அசையவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்ற பொருள்பட ஒரு சொல் சொன்னார். நைடதம், பிரபுலிங்க லீலை போன்ற பெருநூல்களைச் சொன்னபோதும் அதே விடை. கம்பராமாயணம், பெரிய புராணம் என்று தம்மிடமிருந்த பெரும்படைகளை இறக்கியபோதும் முதலியார் நிறைவு கொள்ளவில்லை. இவை எல்லாம் பிற்காலத்து நூல்கள். இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். எந்த நூல்களைக் குறிப்பிடுகிறீர்கள் என்று ஐயர் வினவ, முதலியார் மூன்று பெயர்களைச் சொன்னார்: சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை.

இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அக்காலத்துத் தமிழகத்தின் மிகப் பெரிய புலவரிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டு, கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் ஒருவர், இன்று நம் இடைநிலைப் பள்ளி மாணவரும் பெயரளவில் அறிந்துள்ள இம்மூன்று காப்பியங்களையும் படித்ததில்லை. அவர் மட்டுமல்லர், அவருடைய ஆசானும் அவற்றைப் பாடம் சொன்னதில்லை. நூல்கள் அழிந்துவிடவில்லை, ஏடுகள் மடங்களிலும் கவிராயர் வீடுகளிலும் கிடந்தன. அவற்றைப் படிக்க வேண்டும் என்று ஒருவர் மற்றொருவரிடம் சொல்லும் வழக்கமே அற்றுப் போயிருந்தது.

சிந்தாமணியைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம். ‘படிக்காதே’ என்ற பரிந்துரையை நூற்றாண்டுக் கணக்கில் சுமந்த நூல் அது. சோழ மன்னன் சிந்தாமணியை விரும்பிப் படித்துக்கொண்டிருந்தான் என்றும், அது சமணர் செய்த பொய்ந்நூல் என்று சொல்லி அவனைத் தடுத்த சேக்கிழார், மெய்யடியார் வரலாறாகப் பெரிய புராணத்தைப் பாடினார் என்றும் சேக்கிழார் புராணம் கூறுகிறது. சைவ மடத்தின் நிழலில் தமிழ் படித்த இளைஞர் ஒருவர் இந்நூலைத் தேடிப் போகாமல் இருந்ததில் வியப்பில்லை.

ஐயர் தமக்குச் சிறிது மனக்குறை ஏற்பட்டதை மறைக்காமல் எழுதுகிறார். அப்புத்தகங்கள் கிடைக்கவில்லை, கிடைத்தால் படித்துப் பொருள் காணும் துணிவு உண்டு என்று அவர் முதலியாரிடம் சொன்னார். வெறும் பேச்சாக அது முடிந்திருக்கலாம். எத்தனையோ முறை நாமும் நண்பர்களிடம் ‘அவசியம் படியுங்கள்’ என்கிறோம். அவர்களும் ‘அவசியம் படிக்கிறேன்’ என்கிறார்கள். அத்தோடு இருவரும் மறந்துவிடுகிறோம். முதலியார் அவ்வாறு விடவில்லை. தாம் முயன்று தேடிப் பெற்ற ஓர் ஏட்டிலிருந்து காகிதத்தில் எழுதுவித்து வைத்திருந்த சிந்தாமணிப் பிரதியை ஐயரிடம் எடுத்துக் கொடுத்துவிட்டார். தமக்கே பெரும்பாடுபட்டுக் கிடைத்த பிரதி. அறிமுகமாகிச் சின்னாள்களே ஆன ஒருவரிடம் அதனை ஒப்படைத்தார்.

முதலியாரைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். அவர் 1852ஆம் ஆண்டு பிறந்தவர். அதாவது அச்சந்திப்பின்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. கதை கேட்பவர்கள் பெரும்பாலும் முதிர்ந்த நீதிபதி ஒருவர் நடுங்கும் இளைஞருக்கு அறிவுரை சொன்னதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில், மூன்று வயதே இடைவெளியுள்ள இரண்டு இளைஞர்கள் ‘நீ என்ன படித்தாய்?’ என்று பேசிக்கொண்ட நிகழ்ச்சி இது. ஒருவர் ஆங்கிலக் கல்வி பெற்ற சட்ட அறிஞர். மற்றவர் மடத்தில் வளர்ந்த புலவர். தமிழே தொழிலாக இல்லாதவர் தமிழே தொழிலாக உள்ளவரிடம் இக்கேள்வியைக் கேட்டார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் பள்ளிகளில் ஒரு கணித ஆசிரியர் தமிழாசிரியரிடம் வந்து ‘நீங்கள் இந்த நாவலைப் படித்ததுண்டா?’ என்று கேட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

நூலை எடுத்துக்கொண்டு போன ஐயருக்கு என்ன நேர்ந்தது? நூல் விளங்கவில்லை. சிந்தாமணி 13 இலம்பகங்களும் 3,145 பாடல்களும் கொண்டது. பாட்டைப் பார்த்தால் அதுவரை பழகிய நடையில்லை. உரையைப் பார்த்தால் நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய் மாட்டிப் பொருள் சொல்கிறார். மேற்கோள்களை அடுக்குகிறார், எந்த நூலிலிருந்து எடுத்தார் என்று பல இடங்களில் சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நூல் முழுவதும் சமண சமயக் கருத்துகளும் கலைச்சொற்களும் நிறைந்திருந்தன. இவற்றை அவருக்குச் சொல்லித்தர மடத்திலும் எவரும் இல்லை, கல்லூரியிலும் எவரும் இல்லை. முதல் இலம்பகமான நாமகளிலம்பகத்தைப் பவர் என்னும் கிறித்துவப் பாதிரியார் 1868இல் அச்சிட்டிருந்தார். அது ஒரு தொடக்கம், அவ்வளவே.

இந்த இடத்தில்தான் வரலாறு ஓர் அழகான திருப்பம் கொள்கிறது. கும்பகோணத்தில் சமணர்கள் வாழ்கிறார்கள், அவர்களைக் கேட்டால் தெரியலாம் என்று அறிந்து, ஐயர் அவர்கள் வீடு தேடிச் சென்றார். சென்ற வீட்டின் வாசலில் கோலமிட்டுத் தோரணம் கட்டியிருந்தது. உள்ளே ஏதோ விழா நடப்பது போன்ற களை. என்ன விசேடம் என்று கேட்டார். ஆறு மாத காலமாகச் சிந்தாமணி படித்து வந்தார்கள்; அன்று நூல் நிறைவெய்தியது; அதற்காகத்தான் அந்தத் தோரணம். தமிழ்ப் புலவர்கள் பெயரளவிலும் நினையாத ஒரு நூல், அதே ஊரில், நடந்து போகும் தொலைவில், ஒரு குடும்பத்தின் கூடத்தில் உயிரோடு இருந்தது! வீடூர் அப்பாசாமி நயினார் என்ற அறிஞர் அதைப் படித்து முடித்திருந்தார். சந்திரநாத செட்டியார் என்ற சமண அன்பர் அன்று முதல் ஐயருக்கு உற்ற துணையானார். ஐயம் எழும்போதெல்லாம் ஐயர் அவர்களை நாடினார். அவர்களும் தம் சமய நூல்களைக் கொண்டு விளக்கினார்கள்.

நச்சினார்க்கினியரைப் பற்றியும் இதே போல் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அவர் முதலில் எழுதிய சிந்தாமணி உரையைச் சமணர்கள் ஏற்கவில்லையாம். பிறகு அவர் சமண நூல்களை முறையாகக் கற்று மறுபடி உரை எழுதினாராம். மெய்யோ பொய்யோ, பல நூற்றாண்டுகளுக்குப் பின் இன்னொரு சைவத் தமிழ் அறிஞரும் அதே வாசலில் போய் நின்றார் என்பது உண்மை. சைவ மடத்தின் சார்பில் வளர்ந்தவர் சமண நூலில் மூழ்குவதா என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரே ஆதரவாக இருந்தார். மடத்துச் சுவடி அவருக்குக் கிடைத்தது. ஒரு சமண நூலை ஒரு சைவர் பரிந்துரைக்க, அதன் முதற்பகுதியைக் கிறித்துவர் ஒருவர் முன்பே அச்சிட்டிருக்க, சமண இல்லத்தார் சொல்லித்தர, சைவ மடம் ஏடு கொடுக்க, ஸ்மார்த்த அந்தணர் ஒருவர் ஆராய்ந்தார். பல சமயத்தார் கலந்து வாழும் நம் நாட்டில் இந்தச் செய்தியை வகுப்பறையில் சற்று அழுத்திச் சொல்லலாம்.

அடுத்து வந்த ஏழாண்டுகளின் உழைப்பை இங்கே விரிக்க இடமில்லை. இருபதுக்கு மேற்பட்ட ஏட்டுப் பிரதிகளை அவர் ஒப்பிட்டார். ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வேறுபாடின்றி இருக்கும். பாட்டு எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது என்று தெரியாமல் ஒன்றாக ஓடும். நம் மாணவர்கள் சொற்களைச் சேர்த்து எழுதினால் சிவப்பு மையால் திருத்துகிறோம். அந்த ஏடுகளைத் திருத்துவதாயின் மை போதாது. அச்சுக்கான பணத்திற்கு முன்கூட்டியே கையொப்பம் வாங்க வேண்டியிருந்தது. இன்னின்னார் இத்தனைப் பிரதி பெற்றுக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் முறை அது. பரிந்துரைத்த முதலியார் இங்கும் ஒதுங்கி நிற்கவில்லை. பிறரிடம் சொல்லிக் கையொப்பம் வாங்கித் தந்தார். அதற்குள் அவர் அரசுப் பணியை விட்டுச் சென்னையில் வழக்கறிஞராகி, பொதுவாழ்விலும் பெயர் பெற்றிருந்தார். இந்திய மக்களின் குறைகளை ஆங்கிலேய வாக்காளர்களுக்கு எடுத்துரைக்க 1885இல் இங்கிலாந்து சென்ற மூவருள் அவரும் ஒருவர். அத்தனை வேலைகளுக்கிடையிலும், ஐந்தாண்டுகளுக்கு முன் ஒருவரிடம் தாம் சொன்ன நூல் என்ன ஆயிற்று என்பதை அவர் மறக்கவில்லை.

1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணி முழு நூலாக அச்சேறியது. நம் பகுதி வாசகர்களுக்காக ஒரு துணைச் செய்தி: சிங்கப்பூரில் மகதூம் சாயபு அவர்கள் ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கியதும் இதே 1887தான். கடலுக்கு இப்பாலும் தமிழச்சு ஓடத் தொடங்கியிருந்த காலம்.

பழைய நூல்களை உ.வே.சா. ஒருவரே மீட்டார் என்று மேடைகளில் முழங்குவது நம்மவர் வழக்கம். அது முழு உண்மையன்று. யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும், சிந்தாமணி வெளிவந்த அதே 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். அவருக்கும் முன்னே ஆறுமுக நாவலர் முதலியோர் உழைத்திருக்கிறார்கள். மாணவர்களுக்குச் சொல்லும்போது இவர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஒருவர் பெயரை உயர்த்துவதற்காக மற்றவர் பெயரை மறைப்பது கல்வியாகாது.

இனி, இவ்வரலாற்றில் என்னை மிகவும் வருத்திய பகுதிக்கு வருகிறேன். ஐம்பெருங்காப்பியங்களின் பெயர்களை நம் மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். சிலப்பதிகாரம், மணிமேகலை, சீவக சிந்தாமணி, வளையாபதி, குண்டலகேசி. இவற்றுள் கடைசி இரண்டும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்றும் சேர்த்துச் சொல்லித் தருகிறோம். ‘ஏன் கிடைக்கவில்லை, ஐயா?’ என்று ஒரு மாணவன் கேட்டால், கறையான் அரித்தது, ஆற்றில் விட்டார்கள், தீயில் எரிந்தது என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் வளையாபதியைப் பற்றி உ.வே.சா. தரும் சான்று வேறு மாதிரியானது. தம் ஆசிரியர் பிள்ளையவர்கள் வாழ்ந்த காலத்தில், திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் வளையாபதி ஏட்டுச்சுவடியைத் தாம் பார்த்ததாகவே அவர் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்குப் பழைய நூல்களில் நாட்டம் ஏற்படவில்லை. அதை எடுத்துப் படிக்கவுமில்லை. ஆசானிடம் பாடம் கேட்கவுமில்லை. நாட்டம் பிறந்தபின் சென்று தேடினார். சுவடி அங்கே இல்லை. எங்குத் தேடியும் பிறகு கிடைக்கவே இல்லை.

இன்று வளையாபதி என்று நம்மிடம் இருப்பவை எழுபதளவு பாடல்கள் மட்டுமே. அவையும் எப்படிக் கிடைத்தன தெரியுமா? பெரும்பாலானவை ‘புறத்திரட்டு’ என்னும் தொகைநூலில் இருந்தவை. அதைத் தொகுத்தவர் யாரென்று தெரியவில்லை. யாரோ ஒருவர், தாம் படித்த நூல்களிலிருந்து தமக்குப் பிடித்த பாடல்களைப் பொருள்வாரியாக எடுத்து எழுதி வைத்தார். அவ்வளவே அவர் செய்தது. வளையாபதி மட்டுமா? முத்தொள்ளாயிரத்தில் நாம் இன்று சுவைக்கும் நூற்றுச் சொச்சம் பாடல்களும் அந்தத் தொகை வழியாகவே நமக்கு வந்தன. மூலநூல் போயிற்று, ஒரு வாசகரின் குறிப்பேடு நின்றது. 

வாசிப்புக் குறிப்பேடு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வேறு. 1999ஆம் ஆண்டு முதல் நம் பள்ளிகளில் நிலாம் வாசிப்புத் திட்டம் நடைபெற்று வருகிறது. முதலில் குறிப்பேட்டில் எழுதினார்கள். இப்போது கணினியில் பதிகிறார்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பக்கம், சுருக்கம். இத்திட்டத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. புத்தகத்தைத் தொடாத எத்தனையோ பிள்ளைகளைத் தொட வைத்திருக்கிறது. ஆனால் பல ஆண்டுகளாகப் பள்ளி வளமையத்தைக் கவனித்து வருபவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பதிவேடு எண்ணிக்கையைக் கேட்கும்போது பிள்ளைகள் மெல்லிய புத்தகத்தைத் தேடுகிறார்கள். நூறு புத்தகம் படித்தேன் என்று சொல்லும் மாணவியிடம், அவற்றுள் உன் தோழிக்குக் கொடுக்க விரும்பும் ஒன்று எது என்று கேட்டுப் பாருங்கள். சிலர் உடனே சொல்வார்கள், கண்களில் ஒளி தெரியும். பலர் விழிப்பார்கள். ஐயர் அந்தாதிப் பட்டியலை அடுக்கியதும் முதலியார் அசையாமல் இருந்ததும் அந்த நேரத்தில் என் நினைவில் வரும்.

முதலியாரின் கேள்வி சற்றுக் கடுமையானதுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். படித்த நூல்களைச் சொல்பவரிடம் ‘அதனால் என்ன பயன்?’ என்று கேட்பது எல்லாருக்கும் ஒத்துவராது. பத்து வயதுப் பிள்ளையிடம் அப்படிக் கேட்டால் அவன் மறுநாள் புத்தகத்தையே தொடமாட்டான். இதை நான் பெற்றோர்களுக்கு வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை படக்கதை படித்தால் படிக்கட்டும். ஐயருக்கு அந்தக் கேள்வி உறைத்ததென்றால், அவர் ஏற்கெனவே ஆழப் படித்தவர். கீழே விழாமல் தாங்கும் அடித்தளம் இருந்தது. அந்தாதிகளும் தலபுராணங்களும் வீண் என்று முதலியார் சொன்னதை நான் ஏற்கவும் மாட்டேன். அவற்றைப் படித்துப் பழகிய நாவும் செவியும் இல்லாவிட்டால், சிந்தாமணியின் சிதைந்த ஏட்டில் எது பாட்டு, எது உரை என்று அவரால் பிரித்திருக்க இயலாது. யாப்பமைதி காதில் நின்றதால்தான் விடுபட்ட சீரை அவர் கண்டுபிடித்தார்.

அண்மையில் ஒரு மாணவனின் தாயார், “ஐயா, பையனுக்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்? ஒரு பட்டியல் கொடுங்களேன்” என்று கேட்டார். நல்ல தாய். பட்டியல் கொடுப்பது எளிது. பதிப்பகங்களின் விலைப்பட்டியலே போதும். நான் அவரிடம், “அம்மா, நீங்கள் இப்போது என்ன படிக்கிறீர்கள்?” என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வரும் தொடர்கதை என்றார். “அதையே அவனிடம் வாசித்துக் காட்டுங்கள், அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள், அதன்பின் பட்டியல் தருகிறேன்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். வாசித்துக் காட்டினாரா என்று இன்னும் கேட்கவில்லை.

கும்பகோணத்துச் சமண இல்லத்தில் ஆறு மாதம் நடந்ததும் ஏறத்தாழ இதுவே. அங்கே நூல் அலமாரியில் இல்லை, கூடத்தில் இருந்தது. ஒருவர் படிக்கப் பலர் கேட்டார்கள். முடிந்த நாளில் தோரணம் கட்டினார்கள். ஒரு நூலைப் படித்து முடித்ததற்காக வாசலில் தோரணம் கட்டிய வீட்டை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. நம் பள்ளிகளில் ஓர் ஆண்டு ஆறு மாணவர்கள் ஒரே நூலைச் சேர்ந்து படித்து முடித்தால், வகுப்பறைக் கதவில் ஒரு மாவிலை கட்டலாமே. செலவில்லாத காரியம்.

‘என் சரித்திரம்’ நூலை இதுவரை படிக்காத ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கினால் ஊர், மூதாதையர் என்று சற்று மெல்லவே நகரும். சிலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மகாவித்துவானிடம் மாணவராகச் சேரும் பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஆசிரியர் மாணவர் உறவைப் பற்றித் தமிழில் இவ்வளவு நெருக்கமாக எழுதப்பட்ட வேறொன்று எனக்குத் தெரியவில்லை. அதன்பின் கும்பகோணம், முதலியார், சிந்தாமணி என்று தொடருங்கள். பிறகு முதல் அத்தியாயத்திற்குத் திரும்பினால் அந்த மூதாதையர்கள் மீதும் அன்பு வந்துவிடும்.  நூல் மதுரைத்திட்ட இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அச்சு நூல் வேண்டுவோர் என்னிடமுள்ள பிரதியை இரவல் பெறலாம். முதலியார் செய்ததை நாமும் செய்துதானே ஆக வேண்டும்!

முதலியார் பெயர் சொன்ன மற்ற இரண்டு நூல்கள் என்ன ஆயின என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலப்பதிகாரம் ஐயரின் பதிப்பாக 1892இல் வெளிவந்தது. அந்த ஆண்டிலேயே, நாற்பது வயது நிறைவதற்கு முன், முதலியார் காலமானார். மணிமேகலைக்கு மேலும் ஆறாண்டுகள் ஆயின. அது பௌத்த நூலாதலால், கேட்டுத் தெரிந்துகொள்ள ஊரில் பௌத்தக் குடும்பம் எதுவும் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார், பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைத் தேடிப் படித்து ஐயருக்கு விளக்கினார். 1898இல் மணிமேகலை அச்சாகி வந்தது. மூன்று நூல்களும் நிறைவெய்தின.